சின்ன பெக்கோவுக்குப் புது பக்கெட்: கராஜ் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் யப்பான் ரீகண்டிஷன் உழவு இயந்திரம் ஒன்று இருக்கிறது, பின்பக்கம் சின்ன பெக்கோ (மண் கிண்டும் கை) பூட்டியது. வந்தபோது இருந்த 16 அங்குல பக்கெட்தான் இப்போதும். தண்ணீர்க் குழாய் புதைக்க 9 அங்குலமும், பெரும்போகத்துக்கு முன் வாய்க்கால் வழிக்க 24 அங்குலமும் தேவை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பக்கெட் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா அண்ணன்?
– வாசகர், வெல்லாவெளி

பதில்: தம்பி, காசு கொடுக்க முதல் மூன்று அளவு எடுங்கள். ஒன்று, பக்கெட்டைக் கையில் பூட்டும் இரும்பு முளையின், அதாவது பின்னின், விட்டம். இரண்டு, பின் போகும் துளையுள்ள பக்கெட்டின் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள உள் இடைவெளி. மூன்று, ஒரு பின் துளையின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரைக்கும் உள்ள தூரம். டேப் போதாது, நுண்ணளவு எடுக்கும் வேர்னியர் வேண்டும். பின்னை முழுதாகக் கழற்றித் தேயாத நுனியில் அளவெடுங்கள். நடுப்பகுதி தேய்ந்திருக்கும், அதை நம்பி வாங்கினால் புதுப் பின் உள்ளே போகாது.

முதல் இரண்டு அளவும் கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. துளை பெரிதென்றால் லேத்தில் புஷ் (துளைக்குள் போடும் வளையம்) கடைந்து போடலாம், சிறிதென்றால் குடைந்து பெருப்பிக்கலாம். காது இடைவெளி கூடினால் இரண்டு பக்கமும் வாஷர் வைத்து ஆட்டத்தை நிறுத்தலாம். மூன்றாவது அளவில்தான் ஆட்கள் ஏமாறுவது. மையத் தூரம் மாறினால் பக்கெட் மடங்கும் கோணமே மாறிவிடும். மண்ணை அள்ளி மடக்கும்போது முழுதாக மடங்காமல் வழியிலேயே கொட்டும், அல்லது விரிக்கும்போது முழுதாக விரியாமல் மண் உள்ளேயே நிற்கும். சிலவேளை பக்கெட்டின் முதுகு போய்ப் பெக்கோவின் கையில் இடிக்கும். அந்த இடியை சிலிண்டரின் தண்டுதான் வாங்கும். ஆகவே மையத் தூரம் பொருந்தாத பக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், 9 அங்குலத்தைக் கொழும்பிலிருந்து ஏற்றி வரவே வேண்டாம். களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ கை சுத்தமான ஒரு வெல்டரிடம் செய்வியுங்கள். படுவான்கரைக் களிமண் எப்படி ஒட்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒடுக்கமான பக்கெட்டில் அது அடைத்துக்கொண்டால் மண்வெட்டியால் குத்தித்தான் எடுக்க வேண்டிவரும். அதனால் வாய் அகலமாகவும், உள்ளே போகப்போக ஒடுங்கியும் இருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் விரித்தவுடன் களி தானாகக் கழன்று விழும். காது இரண்டையும் ஒட்டும்போது, நேரான நீளத் தண்டு ஒன்றை இரண்டு துளைக்குள்ளும் ஒன்றாக விட்டு, அது உள்ளே இருக்கவே டாக் (சின்னப் புள்ளி ஒட்டு) பிடிக்க வேண்டும். இதைச் செய்யாத பக்கெட்டுக்குப் பின்னை சுத்தியலால் அடித்துத்தான் ஏற்ற முடியும். புஷ் ஒரு போகம்கூடத் தாங்காது.

பல்லுக்கு லொறியின் வில்பட்டையை வெட்டி ஒட்டும் பழக்கம் எங்கள் பக்கத்தில் நிறைய. பட்டை நல்ல உறுதிதான், ஆனால் கரி கூடிய உருக்கு அது. குளிர்ந்த பட்டையில் சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே நுண்ணிய வெடிப்பு விழுந்து, வேலை நடுவில் பல் கழன்று போகும். முதலில் சூடாக்கி, நன்றாக உலர்ந்த 7018 குச்சியால் ஒட்டி, மெல்ல ஆற விட வேண்டும். ஆற்றுவதற்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது.

24 அங்குலத்துக்கு ஒரு எச்சரிக்கை. 60 லீற்றர் கொள்ளும் பக்கெட்டில் ஈரக்களி நிரம்பினால் ஏறத்தாழ 110 கிலோ. பக்கெட்டின் சொந்தப் பாரம் வேறு. கையை முழுதாக நீட்டிய நிலையில் சின்ன மெசின் இதைத் தூக்கப் போனால் முன்சக்கரம் லேசாகிவிடும். 24 அங்குலம் வாய்க்காலில் படிந்த சேற்றை வழிக்க மட்டும். பல் வேண்டாம், நேர் விளிம்பு போதும், வரம்பும் குலையாது. இறுகிய நிலத்தைக் கிண்டுவதற்குப் பழைய 16 அங்குலத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கெட்டை நொடியில் மாற்றும் கொக்கி, அதுதான் குயிக் ஹிட்ச், போட்டால் வேலை சுகம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: ஒரே நாளில் பலமுறை பக்கெட் மாற்றுகிறவருக்குச் சுகம்தான். உங்களுக்கு அப்படி வேலை இருக்கிறதா? கொக்கி நடுவில் வந்தால் பக்கெட்டின் நுனி கையிலிருந்து இன்னும் தள்ளிப்போகும். அந்தளவுக்குக் கிண்டும் விசை குறையும், தூக்கும் பாரத்திலும் கொக்கியின் பாரம் கழியும். பெரிய மெசினுக்கு இது தெரியாது, சின்னதுக்கு நன்றாகவே தெரியும். இரண்டு பின் கழற்றிப் பூட்ட எவ்வளவு நேரமாகும்? போட்டே தீருவீர்கள் என்றால், ஒவ்வொரு முறை மாற்றியதும் பூட்டுப் பின்னைக் கண்ணால் பாருங்கள். பக்கெட்டை நிலத்தில் ஊன்றி அழுத்தியும் பாருங்கள். கழன்று விழுந்த பக்கெட் உயிர் எடுத்திருக்கிறது.

கேள்வி: தென்னங்குற்றியும் மரமும் பிடித்துத் தூக்கப் பக்கெட்டுக்கு எதிரே 'பெருவிரல்' ஒன்று போட நினைக்கிறேன். கையில் நேரே ஒட்டலாமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: நேரே ஒட்ட வேண்டாம். பெக்கோவின் கை உள்ளே வெறுமையான பெட்டி இரும்பு. கிண்டும்போதெல்லாம் அது வளைந்து நிமிரும். குறுக்காக ஒரு ஒட்டுக் கோடு போட்டால் அந்தக் கோட்டிலேயே நாளாக வெடிக்கும். முதலில் நீளமான பட்டை ஒன்றை, முனைகளைக் கூராக்கி, கையின் நீளப்பாட்டில் ஒட்டி, அதன் மேல்தான் விரலின் காதை வைக்க வேண்டும். ஒட்ட முன் பற்றரி வயரைக் கழற்றுங்கள். ஏர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வுங்கள். தூரத்தில் கவ்வினால் கரண்ட் பின்னுக்குள்ளாலும் சிலிண்டருக்குள்ளாலும் ஓடி அவற்றைத் தின்றுவிடும்.

குற்றி தூக்க மட்டுமென்றால், துளையில் பின் மாற்றிக் கோணம் வைக்கும் சாதாரண விரலே போதும். ஹைட்ரோலிக் விரல் கேட்டால், அதன் லைனில் அழுத்தம் விடும் வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். பக்கெட் சிலிண்டர் விரலின் சிலிண்டரை விடப் பலமானது. இரண்டும் மரத்தை நெரிக்கும்போது விரலின் பக்கம் ஒயில் அடைபட்டு, அழுத்தம் ஏறி, ஹோஸ் வெடிக்கும். புது சிலிண்டரும் ஹோஸும் ஒயிலைக் குடிக்கும், ஆகவே முதல் ஓட்டத்துக்குப் பிறகு தாங்கியின் அளவு பார்த்து நிரப்புங்கள். ஹோஸ் முனைகளைக் கவனியுங்கள், ஜே.ஐ.சி., பி.எஸ்.பி. என்று வேறு வேறு வகை உண்டு: ஜே.ஐ.சி. முனையின் கூம்பு 37 பாகை, பி.எஸ்.பி. கூம்பு வேறு. இரண்டும் ஒன்றில் ஒன்று கொஞ்சம் ஏறுவதுபோல் தெரியும். இறுக்கினாலும் ஒழுகும், அழுத்தத்தில் பறக்கும்.

ஒழுக்கைத் தேடக் கையால் தடவ வேண்டாம், தயவுசெய்து. ஊசித் துளையால் பாயும் ஒயில் தோலுக்குள் இறங்கிவிடும். வெளியில் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. அப்படி நடந்தால் அடுத்த நாள் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் கைவிரலே போகலாம். ஒழுக்குத் தேட ஒரு காட்போட் மட்டை போதும்.

கேள்வி: யானை வேலிக் கம்பம் நட நிறையக் குழி வேண்டும். பெக்கோவின் கையில் ஹைட்ரோலிக் துரப்பணம் மாட்டலாமா?
– வாசகர், உன்னிச்சை

பதில்: மாட்டலாம், பம்பு ஒத்துழைத்தால். துரப்பணத்தின் தகட்டில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர், எத்தனை பார் அழுத்தம் என்று அடித்திருப்பார்கள். உங்கள் மெசின் கைநூலில் உள்ள பம்பின் அளவோடு ஒப்பிடுங்கள். ஒயில் குறைவாக வந்தால் துரப்பணம் மெல்லச் சுற்றும், இறுகிய தரையில் நின்றுவிடும். நின்ற பிறகும் லீவரைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒயில் கொதிக்கும். மார்கழி ஈரத்தில் தோண்டுவதும் ஆவணி வெயிலில் இறுகிய நிலத்தில் தோண்டுவதும் ஒன்றல்ல. கம்பம் நடுவதுதான் முழு வேலை என்றால், பெக்கோவைக் கழற்றி வைத்துவிட்டு உழவு இயந்திரத்தின் பின்னால் சுழலும் தண்டில், அதாவது பி.ரி.ஓ.வில், ஓடும் துரப்பணம் பூட்டுவது மலிவு, பலமும் கூட.

கேள்வி: எனது கணவர் பழைய பெக்கோ ஒன்றை வாங்கி, உழவு இயந்திரத்தின் கலப்பை மாட்டும் மூன்று புள்ளியிலேயே பூட்டி ஓடுகிறார். கிண்டும்போது பின்பக்கம் டக் டக் என்று சத்தம். பயமாக இருக்கிறது.
– வாசகி, கிரான்

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் சரி. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த மூன்று புள்ளியும் கலப்பை இழுக்கச் செய்தவை. பெக்கோ கிண்டும்போது வரும் உந்தல் முழுவதும் மேல் இணைப்பிலும் பின் அச்சின் கூட்டிலும் இறங்கும். வார்ப்பிரும்புக் கூடு வளையாது, நேரே வெடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, மேல் இணைப்பு ஒடிந்தால் பெக்கோ மேலே மடங்கி, அதில் இருக்கிறவரை உழவு இயந்திரத்தோடு சேர்த்து நசுக்கிவிடும். பெக்கோவுக்கென்று அடிச்சட்டம் வேண்டும். அது வயிற்றின் கீழால் ஓடி, பின் அச்சிலும் முன்னால் லோடர் சட்டத்திலும் போல்ட்டால் பூட்டப்பட வேண்டும். அவர் பூட்டியிருக்கும் விதத்தைப் பக்கவாட்டில் இருந்து இரண்டு படம் எடுத்து, உழவு இயந்திரத்தின் மொடலையும் எழுதி அனுப்புங்கள். சட்டத்துக்கான வரைபடத்தை நானே போட்டு அனுப்புகிறேன். சத்தம் வந்த அந்தக் கூட்டை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மயிர்க்கோடு ஒன்று தெரிந்தாலும் கலப்பைகூடப் பூட்ட வேண்டாம்.