ஃபைட்டரை யாராலும் அடிக்க முடியவில்லை: கொடுத்த கவசத்தைப் பறிக்கலாமா?

கேள்வி: முதன்முறையாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை 2014 நூல்களை வைத்து நடத்துகிறேன். ஆடுபவர்கள் நான்கு பேர், எல்லோரும் மூன்றாம் லெவல். காசு கொடுத்து வாங்கிய ஒரு பிடிஎஃப்பில் ‘தொடக்க லெவலுக்கு ஏற்றது’ என்று போட்டிருந்ததை நம்பி, ஃபைட்டருக்கு (சண்டை வீரர் பாத்திரம்) +2 பிளேட் கவசம் (பாதுகாப்பு எண்ணை இரண்டு கூட்டும் மந்திரத் தகட்டுக் கவசம்) கொடுத்துவிட்டேன். கேடயத்தோடு சேர்த்து அவருடைய ஏசி, அதாவது அவரை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண், இப்போது 22. எந்த எதிரியும் அவரைத் தொட முடியவில்லை. மற்ற மூவரும் சலித்துப் போய்விட்டார்கள். திருடர்களை அனுப்பிக் கவசத்தைப் பறித்துவிடலாமா?

பதில்: பறிக்காதீர்கள். கொடுத்தது நீங்கள், அவர் கேட்டு வாங்கவில்லை. கதைக்குள் திருட்டு நடந்தால் அது கதைக்காக இல்லை, உங்கள் தவறைச் சரிக்கட்டத்தான் என்பது ஆடுபவருக்கு உடனே தெரிந்துவிடும். அடுத்து எது கையில் கிடைத்தாலும் சந்தேகத்தோடுதான் வாங்குவார்.

முதலில் சிக்கல் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். கோப்ளின் என்ற சிறு அரக்கனுக்கு அடிக்கும் போனஸ், அதாவது பகடையில் விழுவதோடு கூட்டும் எண், +4. மூன்றாம் லெவலில் சங்கிலிக் கவசமும் கேடயமும் வைத்திருக்கும் ஃபைட்டரின் ஏசி 18; அவரை அடிக்க, இருபது பக்கப் பகடையில் 14 வந்தால் போதும். அதாவது நூறு அடியில் 35 விழும். உங்கள் ஃபைட்டரை அடிக்க 18 வேண்டும்; நூறில் 15தான் விழும். சரி, எதிரியின் போனஸை +8 ஆக்கிவிடலாம் என்று தோன்றும். எல்லாப் புது டிஎம்களும் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) விழுகிற குழி இதுதான். அப்போது ஃபைட்டருக்குப் பழைய 35 திரும்ப வரும், ஆனால் ஏசி 12 உள்ள மந்திரவாதியான விஸார்டுக்கு நூறில் 85 அடி விழும். கவசம் வாங்கியது ஒருவர், சாவது இன்னொருவர். இந்தப் பதிப்பில் எண்கள் மெதுவாகத்தான் ஏறும். ஒருவருடைய எண்ணை மட்டும் தூக்கிவிட்டால் மற்றவர்களுக்கு நிற்க இடமிருக்காது.

அடுத்த அமர்வு தொடங்கும் முன் வெளிப்படையாகப் பேசுங்கள். ‘இதைச் சீக்கிரம் கொடுத்துவிட்டேன், என் தவறு’ என்று சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம் ஒரு மாற்று வழி: கவசம் அவரிடமே இருக்கட்டும், அதன் +2 இப்போதைக்கு உறங்கட்டும். அதற்குப் பதில் அது அடமன்டைன் கவசம்போல வேலை செய்யட்டும். அதாவது, அவர்மேல் விழும் கிரிட்டிகல் அடி (பகடையில் 20 விழுந்தால் கூடுதல் சேதம் தரும் அடி) சாதாரண அடியாகிவிடும். ஏசி 20க்கு இறங்கும், கோப்ளினுக்கு நூறில் 25 கிடைக்கும். பதினோராம் லெவலில் +2 விழித்துக்கொள்ளட்டும். 2014 வழிகாட்டி நூல் ‘மிக அரிது’ என்ற வகைப் பொருட்களுக்குச் சொல்லும் லெவலும் அதுதான்; +2 கவசம் அந்த வகையைச் சேர்ந்தது. உங்கள் பிடிஎஃப் அதை மூன்றாம் லெவலில் கொடுக்கச் சொல்லியிருக்கிறது.

இந்த பிடிஎஃப் வியாபாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘ஆயிரம் மந்திரப் பொருட்கள்’, ‘டிஎம்முக்கான புதையல் மூட்டை’ என்று விற்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் வாங்கினேன். பல பொருட்கள் ஆட்டத்தை வெளியிடுபவர்களின் இலவச விதித் தொகுப்பிலிருந்து அப்படியே எடுத்துப் பெயர் மாற்றியவை. மீதியை யாரும் ஒருமுறைகூட ஆடிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த இலவசத் தொகுப்பை 2023 ஜனவரியில் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். புதியவருக்கு அதில் உள்ள பொருட்களே ஏராளம். ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

நியாயமாகச் சொன்னால், மூல நூலும் உங்களுக்குப் பெரிதாக உதவவில்லை. +1 கவசம் ‘அரிது’ என்ற வகையில் இருக்கிறது. ஐம்பது அடி வேகத்தில் பறக்கவைக்கும் துடைப்பமோ அதைவிட எளிதான வகையில் கிடக்கிறது; அதற்கு அட்யூன்மென்ட்கூட (பொருளைத் தன்னோடு பிணைத்துக்கொள்வது) தேவையில்லை. ஒருவர் மூன்று பொருட்களோடு மட்டுமே அட்யூன் செய்யலாம் என்ற நல்ல தடுப்பு இருக்கிறது, ஆனால் உங்கள் +2 கவசம் அதற்குள் வராது. ‘அரிது’ பொருளின் விலை 501 முதல் 5,000 பொன் வரை என்கிறார்கள். பத்து மடங்கு இடைவெளி விட்டால் கடைக்காரர் எந்த விலையைச் சொல்வார்? வகைப் பெயரை நம்பாதீர்கள். பொருள் மேசையில் என்ன செய்யும் என்று மட்டும் யோசியுங்கள்.

இனி மற்ற மூவருக்கு. பொதுவாக மெதுவாகக் கொடுங்கள் என்பேன், ஆனால் ஆயுதம் விதிவிலக்கு. 2014 அரக்கர் நூலில், மந்திரமோ வெள்ளியோ இல்லாத சாதாரண ஆயுதத்தால் மனித ஓநாயை ஒன்றும் செய்ய முடியாது. கல் அரக்கனான கார்காயில் போன்றவற்றுக்குப் பாதிச் சேதம்தான். விஸார்டும் கிளெரிக்கும் மந்திரத்தை வீசிவிடுவார்கள். கள்ளன் பாத்திரமான உங்கள் ரோக் என்ன செய்வார்? சண்டை முழுக்கக் கத்தியை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். அதனால் ஐந்தாம் லெவலுக்குள் ஆயுதத்தை நம்பும் ஒவ்வொருவருக்கும் மந்திர ஆயுதம் ஒன்று போய்ச் சேர வேண்டும். போனஸ் எதுவும் தேவையில்லை. இருட்டில் ஒளிரும் மந்திரக் கத்தி போதும், எண்கள் கெடாது. இதைக் கஞ்சத்தனமாகத் தள்ளிப்போடும் டிஎம்களைப் பார்த்திருக்கிறேன். ஆடுபவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ஃபைட்டருக்கு இந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம். அவருடையது கடைசியாக வரட்டும்.

கவசம் மாறும்வரை, கவசம் உதவாத எதிரிகளை இடையிடையே கொண்டுவாருங்கள். ஜெலட்டினஸ் கியூப் என்ற கூழ் அரக்கன் ஆளை விழுங்க வரும்போது ஏசியைப் பார்க்காது; டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோவைத்தான் (சுறுசுறுப்பால் தப்பிக்க ஆடுபவரே உருட்டும் பகடை) கேட்கும். கனத்த கவசக்காரர்களுக்குப் பெரும்பாலும் அது குறைவு. அவரை இழுத்து வெளியே எடுக்கும் வேலை மற்ற மூவருக்கும் வரும். ஆனால் ஒவ்வொரு அமர்விலும் இதைச் செய்யாதீர்கள், மூன்று சண்டைக்கு ஒன்று போதும். மற்ற இரண்டில் கோப்ளின்கள் அவர் கவசத்தில் மோதித் தோற்கட்டும். அவருக்கும் அந்தச் சந்தோஷம் வேண்டும்.