கிரிப்பர், பந்து, ரப்பர் வளையம்: பிசியோதெரபிஸ்டிடம் சில கேள்விகள்

கேள்வி: கிரிப்பரை (ஸ்பிரிங்கால் இணைந்த இரு கைப்பிடிகள் கொண்ட கைப்பயிற்சிக் கருவி) அமுக்கினால் விரல்கள் தடிக்குமா?

பதில்: தடிக்காது. விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை எதுவும் கிடையாது. இறுகப் பிடிக்க உதவும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டின் குறுகிய வழியே புகுந்து விரல் எலும்புகளைப் பற்றுகின்றன. வலது முன்கையின் உட்புறத்தை இடக்கையால் பிடித்துக்கொண்டு வலக்கை விரல்களை மடக்கிப் பாருங்கள்; தோலுக்கடியில் கயிறு இழுபடுவது போலத் தெரியும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை முறை அமுக்கலாம்?

பதில்: தினமும் வேண்டாம். வாரத்தில் 3 நாள், ஒரு கைக்கு 3 சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 முறை போதும். 50 முறை அமுக்க முடிகிறதென்றால் அந்தக் கருவி உங்களுக்கு இலகுவாகிவிட்டது என்று பொருள். பேருந்திலும் தொலைக்காட்சி முன்னும் ஓயாமல் அமுக்குபவர்கள் சில வாரங்களில் முழங்கை வலியோடு வருகிறார்கள். தசை விரைவில் பழகிவிடும், நாண் மெதுவாகத்தான் பழகும்.

கேள்வி: 60 கிலோ கிரிப்பரை நான் எளிதில் மூடுகிறேன். நண்பர் நம்ப மறுக்கிறார்.

பதில்: நான் நண்பரின் கட்சி. குமிழைத் திருகி எடை மாற்றும் பிளாஸ்டிக் கருவிகளில் உள்ள எண், கைப்பிடியின் எந்த இடத்தில் அளந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. நுனியில் பிடித்தால் இலகு, ஸ்பிரிங்கை ஒட்டிப் பிடித்தால் கடினம், நெம்புகோல் கணக்குதான். அயர்ன்மைண்ட் நிறுவனத்தின் கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ் என்ற கிரிப்பர் வரிசையில் 2ஆம் எண் கருவி 195 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 88 கிலோ; 3ஆம் எண் 280 பவுண்டு. அவற்றின் எண்ணையும் உங்கள் எண்ணையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கேள்வி (அதே வாசகர்): பெட்டியிலேயே 60 என்று அச்சிட்டிருக்கிறார்களே?

பதில்: அச்சிட்டதை விடுங்கள், அளந்து பாருங்கள். ஒரு கைப்பிடியைப் பட்டறை வைஸில் கவ்வ வைத்து, மறு கைப்பிடியின் நுனிக்கு 2 செ.மீ. உள்ளே வாரை மாட்டி, அதில் வாளியைத் தொங்கவிட்டுக் கைப்பிடிகள் தொடும்வரை மணல் நிரப்புங்கள். பிறகு வாளியை எடை போடுங்கள். என்னிடம் கிடந்த ஒரு ‘40 கிலோ’ கருவி 25 கிலோ அரிசி மூட்டைக்கே மூடிக்கொண்டது.

கேள்வி (இன்னொருவர்): அப்படியானால் எண்ணே தேவையில்லையா?

பதில்: உங்கள் கருவியில் சென்ற மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் ஒப்பிடலாம். அடுத்தவர் எண்ணோடு வேண்டாம்.

கேள்வி: முழங்கையின் வெளிப்புறம் வலிக்கிறது. பந்தை அமுக்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு நிறுத்துங்கள். எதையாவது இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டு உள்ளே மடங்கிவிடாமல் முன்கையின் வெளிப்புறத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன; அவை தொடங்கும் இடம்தான் உங்களுக்கு வலிக்கும் அந்த எலும்பு முனை. டென்னிஸ் எல்போ எனப்படும் நாண் பாதிப்பாக இருக்கலாம், நேரில் காட்டுங்கள். வலி இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: அமுக்கும் நாளிலெல்லாம், ஐந்து விரல் நுனிகளையும் சுற்றி ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, விரல்களை விரித்து மெல்லத் தளர்த்துங்கள். கீரைக்கட்டோடு வரும் ரப்பரே போதும்.

கேள்வி: தந்தைக்கு 70 வயது. பிடி வலு குறைந்தால் ஆயுள் குறையும் என்கிறார்களே?

பதில்: 2015இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரைக் கவனித்து, பிடி வலு 5 கிலோ குறைவதோடு இறப்பு அபாயம் 16% கூடுதலாகக் காணப்பட்டதாகக் கூறியது. பிடி வலு உடலின் மொத்த வலுவைக் காட்டும் அடையாளம். கிரிப்பரை மட்டும் அமுக்கி ஆயுளை நீட்ட முடியாது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழப் பழக்குங்கள். இரத்த அழுத்தம் இருந்தால், மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்க விடாதீர்கள்.

கேள்வி: இரவில் விரல்கள் மரத்துப்போகின்றன. எந்தக் கிரிப்பர் வாங்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று முதலில் மருத்துவரிடம் பாருங்கள்.

கேள்வி: தினமும் 200 முறை அமுக்கலாமா?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பேருந்தில் போகும்போது?

பதில்: அதுவும் அங்கேயே இருக்கிறது.