பனிவெள்ளை நாடகத்துக்கு அனுமதி வேண்டுமா?

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் பிள்ளைகளை வைத்துப் பனிவெள்ளைக் (ஸ்னோ ஒயிட்) கதையைத் தமிழ் இசை நாடகமாகப் போட யாரிடம் அனுமதி வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கதைக்கு யாரிடமும் வேண்டாம். கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்டது, ஆசிரியர் இறந்து 50 ஆண்டு என்ற நம் தென்னாப்பிரிக்கச் சட்டக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்த குள்ளர் பெயர்களும் பாட்டுகளும் 1937 டிஸ்னி படத்துடையவை, அவற்றைத் தொடாதீர்கள்.

கிரிமின் பிந்தைய பதிப்புகளைப் படியுங்கள். முத்தமே கிடையாது; பனிவெள்ளை கிடக்கும் கண்ணாடிச் சவப்பெட்டியைத் தூக்கிப்போகிறவர்கள் தடுக்கியதில் அது குலுங்கி, தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே தெறிக்கிறது. கடைசியில் அரசி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு ஆடியே சாகிறாள். அந்த ஆட்டத்தை நம் ஊர்த் தெருக்கூத்து அடவில், மத்தளத்தோடு போடுங்கள், மேடை அதிரும்! அப்புறம், புதிய மொழிபெயர்ப்பு எதையும் பார்த்து வசனம் எழுதாதீர்கள், அதற்குத் தனி உரிமை உண்டு.