மத்தியதரைக் கடல் மலைச்சரிவுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: தெற்கு ஸ்பெயினில் குன்றெல்லாம் காய்ந்து கிடக்கிறதே, பாலைவனமாகிவிட்டதா?

இல்லை. அங்கே மழைக்காலமே குளிர்காலம்தான். கோடையில் காயத்தான் செய்யும். ஜூலை படத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், மார்ச்சில் பாருங்கள்.

கே: பாட்டில் தக்கைக்காகப் பட்டையை உரித்தால் கார்க் ஓக் மரம் செத்துவிடாதா?

வெளிப்பட்டை மட்டும்தான் போகிறது. கோடரி உள்பட்டையில் இறங்கினால்தான் ஆபத்து. முதல் உரிப்புக்கு மரத்துக்குச் சுமார் 25 வயதாக வேண்டும். அப்புறம் 9 ஆண்டுக்கு ஒரு முறை. போர்ச்சுகலில் உரித்த ஆண்டின் கடைசி எண்ணை மரத்திலேயே வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிவிடுவார்கள்.

கே: இத்தாலியின் கடலோர மலைப்பகுதியான சின்க்வே தெர்ரேயில் கைவிட்ட திராட்சைப் படிநிலங்களில் காடு வளர்கிறதாம். நல்லதுதானே?

இதை எத்தனை தடவைதான் கேட்பீர்கள்! பச்சையாகத் தெரிவதெல்லாம் நலம் அல்ல. அந்தப் படிகளைத் தாங்குபவை காரை பூசாத கல்சுவர்கள். கல்லிடுக்கு வழியே நீர் வடிவதால்தான் நிற்கின்றன. உழுபவன் இருந்தவரை, சரிந்த கல்லை அந்தக் குளிர்காலமே எடுத்து வைத்தான். அவன் போனதும் வடிகால் அடைகிறது, காட்டுப்பன்றி கிளறுகிறது, சுவர் வயிறு தள்ளுகிறது. ஒரு பெருமழை போதும், மண் மொத்தமும் கீழே. 2011 அக்டோபர் 25 அன்று அங்குள்ள வெர்னாட்ஸா ஊருக்குள் சேறு பாய்ந்தது. பெய்த மழை பேய்மழைதான். ஆனால் அதிகம் சரிந்தவை சமீபத்தில் கைவிடப்பட்ட படிகளே என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். நல்ல காடு வேரூன்றப் பல பத்தாண்டு ஆகும். அதுவரை வருவது புதர். கோடையில் அது வெறும் விறகு. கல்சுவர் கட்டும் கலையை 2018இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்த்தாயிற்று, சந்தோஷம். கட்ட ஆள் எங்கே?

கே: ஆலிவ் எவ்வளவு குளிர் தாங்கும்?

மைனஸ் 7, 8 டிகிரி செல்சியஸ் வரை பெரும்பாலும் தாங்கும். 1985 ஜனவரிக் குளிரில் இத்தாலியின் டஸ்கனி பகுதி ஆலிவ் தோப்புகள் கருகின. அடியோடு வெட்டிவிட்டார்கள், தூரிலிருந்து துளிர்த்தது. அதனால்தான் அங்கே பல மரங்களுக்கு ஒரே தூரில் மூன்று நான்கு தண்டு. குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும், நடுச்சரிவே பாதுகாப்பு.

கே: ஆடுகளை விரட்டினால் மலை தேறுமா?

அளவாக மேய்ந்தால் புதர் அடங்கும், தீ குறையும். அளவு மீறினால் மொட்டை.

கே: நான் அனுப்பிய படத்தில் உள்ள செடி என்ன?

செடியைவிட உங்கள் கார்தான் நன்றாகத் தெரிகிறது. இலையைக் கிட்டத்தில் எடுங்கள். தொட்டால் பிசுபிசுக்கிறதா என்று எழுதுங்கள். முக்கியமாக, எந்த மாதம், சரிவு எந்தத் திசை பார்த்தது? வடக்குச் சரிவில் வளரும் பல செடிகள் தெற்கில் வளராது.