காணியை அக்கா பெயருக்கு மாற்றிவிட்டு பெனிஃபிட் கேட்கலாமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் இருக்கும் வாசகர் ஒருவர் தன் மாமாவுக்காக எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன். மாமாவுக்கு 57 வயது, பிரித்தானியக் குடியுரிமை உண்டு. தம்பியோடு பங்காக மளிகைக் கடை நடத்தியவர். புற்றுநோய் வந்து கீமோ நடக்கிறது. ஐந்து மாதமாகக் கடைக்குப் போகவில்லை. மாமிக்கு ஒரு பாடசாலைச் சமையலறையில் பகுதிநேர வேலை, வீட்டுக்கு மோர்ட்கேஜ் ஓடுகிறது. தம்பி கணக்கு எதுவும் காட்டாமல் மாதம் ஏதோ கொஞ்சம் கொடுக்கிறார். 22 வருடம் வரி கட்டிய மனிதரிடம் ஜொப்சென்டரில் (அரச பெனிஃபிட் அலுவலகத்தில்) மரியாதையில்லாமல் பேசினார்கள். யாழ்ப்பாணத்தில் மாமா பெயரில் ஒரு வீடு இருக்கிறது, அதில் அவருடைய 84 வயது அம்மா வசிக்கிறார். கோப்பாயில் நான்கு பரப்பு வெறுங்காணியும் உண்டு. இரண்டையும் மாமாவின் அக்கா பெயருக்கு நன்கொடை உறுதி (தானப் பத்திரம்) எழுதிவிட்டு யுனிவர்சல் கிரெடிட் (வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான அரச உதவி) கேட்கலாம் என்று குடும்பத்தில் முடிவெடுத்து, மாமாவுக்குப் பதிலாக அங்கே ஒருவர் கையெழுத்திட அற்றோர்ணித் தத்துவமும் (அதிகாரப் பத்திரம்) தயாராகிவிட்டது. தம்பி மேல் வழக்குப் போடலாமா, ஜொப்சென்டர் மேல் முறையிடலாமா?

பதில்:

உறுதி எழுத வேண்டாம். அற்றோர்ணித் தத்துவத்தை ஏற்கனவே அனுப்பியிருந்தால் உறுதி எழுதும் யாழ்ப்பாணத்து நொத்தாரிசுக்கு இன்றே ஃபோன் எடுத்து நிறுத்துங்கள். மிச்சத்தை அதற்குப் பிறகு வாசித்தால் போதும்.

ஜொப்சென்டரில் பேசிய விதம் தவறாகவே இருக்கலாம். முறைப்பாடு செய்தால் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வரும், பெரும்பாலும் காசு வராது. 22 வருட வரியும் உங்கள் கடிதத்தில் பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது, சட்டத்துக்கு அது பெரிதாக வேண்டியதில்லை. நோயால் வேலை செய்ய முடியாதவருக்கு, கட்டிய தேசியக் காப்புறுதியை வைத்துக் கொடுக்கும் உதவி நியூ ஸ்டைல் ஈ.எஸ்.ஏ. அது பார்ப்பது இரண்டே வரி ஆண்டுகளைத்தான். 2026இல் கோரினால் 2023-24, 2024-25. அந்த இரண்டிலும் மாமாவின் லாபம் 6,725 பவுணுக்கு மேல் காட்டப்பட்டிருந்தால் கிளாஸ் 2 (சுயதொழில் செய்பவரின் தேசியக் காப்புறுதிக் கட்டணம்) கணக்கில் ஏறியிருக்கும். வரியை மிச்சம்பிடிக்க லாபத்தை அதற்குக் கீழே இறக்கிக் காட்டி, விருப்பக் கட்டணமாகவும் கிளாஸ் 2 கட்டாமல் விட்டிருந்தால், ஈ.எஸ்.ஏ. கையைவிட்டுப் போய்விடும். நம்மவர் கடைகளில் இது நிறைய நடக்கிறது. கணக்காளரைப் பாராட்டிய அதே வாயால் பிறகு திட்டுவார்கள். வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யின் பதிவை முதலில் பாருங்கள்.

மாமாவின் நோயை யாரும் சந்தேகிக்கப் போவதில்லை. கீமோ நடப்பவரை, அதன் பாதிப்பு உடம்பில் இருக்கும்வரை, வேலை செய்ய முடியாதவராகவே விதிகள் எடுத்துக்கொள்ளும். சப்போர்ட் குரூப்பில் (நோய் கடுமையானவர்களுக்கான பிரிவில்) வைத்தால் ஈ.எஸ்.ஏ.வுக்கான 365 நாள் எல்லையும் கிடையாது. நீங்கள் எட்டுப் பக்கம் எழுதி நிரூபிக்க நினைப்பது ஏற்கனவே நிரூபணமான விஷயம். சட்டப்படி நிற்கிற கேள்வி ஒன்றுதான்: கோரும் நாளில் மாமாவின் பெயரில் என்ன இருக்கிறது?

அந்தக் கேள்வியை ஈ.எஸ்.ஏ. கேட்பதில்லை. நோயாலும் இயலாமையாலும் அன்றாட வாழ்க்கை கஷ்டமானவர்களுக்குக் கொடுக்கும் பிப்பும் கேட்பதில்லை. காணி, வீடு, மாமியின் சம்பளம் எதுவும் இந்த இரண்டையும் தொடாது. கேட்பது யுனிவர்சல் கிரெடிட் மட்டும். அப்படியிருக்க, குடும்பமே கூடி நேராக யுனிவர்சல் கிரெடிட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஈ.எஸ்.ஏ.யை மூன்று மாதம் வரை பின்தேதியிட்டுக் கேட்கலாம். மாமா வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகிவிட்டது, இரண்டு மாதக் காசு போனது போனதுதான். பிப்புக்குப் பின்தேதியே இல்லை, ஃபோன் எடுத்த நாளில் இருந்துதான். ஆகவே இந்த இரண்டையும் இந்த வாரமே கேளுங்கள். இதிலேயே இன்னொன்று: நோயாளி பன்னிரண்டு மாதத்துக்குள் இறக்கக்கூடும் என்று டொக்டர் கருதினால் எஸ்.ஆர்.1 படிவம் கொடுப்பார். வழக்கமான பரிசோதனைகள் இல்லாமல் விரைவாக முடிவு வரும். மாமாவுக்குத் தெரியாமலேயே அவருக்காக இன்னொருவர் பிப் கேட்கவும் அதில் வழி உண்டு. நம் வீடுகளில் இதைக் கேட்கத் தயங்கித் தயங்கியே மாதங்கள் போகும். கன்சல்டன்டிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.

சரி, யுனிவர்சல் கிரெடிட்டுக்கு வருவோம். தம்பதியின் மூலதனம் (சேமிப்பும் சொத்தும்) 16,000 பவுணைத் தாண்டினால் ஒரு பென்ஸும் இல்லை. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 வெட்டுவார்கள். உலகத்தில் எங்கே இருந்தாலும் சொத்து சொத்துதான். மாமி பெயரில் சீதனக் காணி இருந்தால் அதுவும் சேரும். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில் அது அவருக்கே உரியதாக இருக்கலாம், இங்கே இருவரும் ஒரே கணக்கு. சீட்டு எடுத்து வங்கியில் போட்ட காசும் அப்படியே.

இப்போது அந்த உறுதி. பெனிஃபிட் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சொத்தைக் கைவிட்டால், அது இன்னும் உங்களிடம் இருப்பதாகவே வைத்துக் கணக்குப் போடலாம் என்கிறது விதி. அதாவது காணியும் போய்விடும், பெனிஃபிட்டும் வராது. நோக்கம் அதுதான் என்று காட்ட வேண்டியது பெனிஃபிட் கொடுக்கும் திணைக்களமான டி.டபிள்யூ.பி.யின் பொறுப்பு என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் நோய் தெரிந்தது ஒரு மாதம், உறுதி பதிந்தது அடுத்த மாதம், யுனிவர்சல் கிரெடிட் கேட்டது அதற்கடுத்த மாதம் என்றால் அவர்கள் நிரூபிக்க என்ன மிச்சம்? நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்திலேயே நோக்கம் வரிவரியாக இருக்கிறது. இதே மாதிரி வாட்ஸ்அப்பிலும் எழுதியிருப்பீர்கள்.

இந்தக் குழியில் விழுந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னிடம் வந்தவர்களில் பலர் உங்களைப் போல உதவி செய்யப் போன மருமக்களும் பிள்ளைகளும்தான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் மினிகாப் ஓட்டியவர், சிறுநீரகம் பழுது. சகோதரிக்குக் காணியை எழுதிவிட்டு, வேறு சொத்து இல்லை என்று படிவத்தில் போட்டார்கள். நிரப்பியது மகள். சகோதரியின் குடும்பம் காணியை விற்கப் போனபோது பங்குச் சண்டை வந்தது, சண்டையில் யாரோ டி.டபிள்யூ.பி.க்கு எழுதிப் போட்டார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது அரசாங்கத்தின் கணினி இல்லை, சொந்தக்காரர்தான். கீமோவுக்கும் டயாலிசிஸுக்கும் போய்வரும் மனிதரை எச்சரிக்கையோடு கூடிய விசாரணைக்கு (சொல்வது வழக்கில் சாட்சியாகலாம் என்று எச்சரித்து நடத்துவது) உட்கார வைக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால் அதன் கொடுமை தெரியும்.

யுனிவர்சல் கிரெடிட்டில் கூடுதலாகப் போன காசைத் திரும்பக் கேட்க உங்கள் தவறு என்று காட்டவே தேவையில்லை. அவர்கள் பிழையாகக் கொடுத்திருந்தாலும் கேட்கலாம். பொய் இருந்தால் வழக்கு, அல்லது வழக்குக்குப் பதிலாக அந்தத் தொகையில் பாதி அபராதம். தம்பதியாகக் கேட்பதால் மாமியின் பெயரும் அதில் இருக்கும். மாமாவுக்கு முடியாமல் போய் நீங்கள் அப்பொயின்டியாக (அவர் சார்பில் பெனிஃபிட் விஷயங்களைப் பார்ப்பவராக) போனால், மாற்றங்களை அறிவிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். பொய் என்று தெரிந்து இன்னொருவருக்காகப் படிவம் நிரப்புகிறவரும் குற்றவாளியாகலாம்.

இதில் எரிச்சலூட்டும் பகுதியைச் சொல்கிறேன். மறைக்கப் பார்க்கிற வீடு கணக்கிலேயே வராது. நெருங்கிய உறவினர் ஒருவர் ஓய்வூதிய வயதைத் தாண்டியவராக அதைத் தன் வீடாகக் கொண்டு வாழ்ந்தால் அந்த வீடு முழுவதும் விலக்கு. உங்கள் அம்மம்மாவுக்கு 84. விலக்குள்ள சொத்தை அவசரமாகக் கைமாற்றிச் சந்தேகத்தைக் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்கள். வீட்டைப் படிவத்தில் காட்டுங்கள், யார் இருக்கிறார் என்பதையும் எழுதுங்கள். அம்மம்மாவின் காலத்துக்குப் பிறகு நிலைமை மாறும், அப்போது அறிவிக்க வேண்டும்.

கோப்பாய் வெறுங்காணிதான் உண்மையான பிரச்சினை. விலைமதிப்பு எடுங்கள். சந்தைப் பெறுமதியில் விற்பனைச் செலவுக்கென்று பத்து வீதமும், ஈடு (அடமானம்) இருந்தால் அதுவும் கழிப்பார்கள். உறுதியை நன்றாகப் பாருங்கள்: பிரிக்கப்படாத பங்கு என்றால் அதற்கு வாங்க ஆள் கிடைப்பதே கஷ்டம், பெறுமதி நீங்கள் நினைப்பதில் சிறு பகுதியாக இருக்கலாம். கழித்த பிறகும் 16,000க்கு மேல் நின்றால் யுனிவர்சல் கிரெடிட்டை மறந்துவிடுங்கள். மாமியின் சம்பளம் இருக்கிறது, ஈ.எஸ்.ஏ. முழுவதையும் யுனிவர்சல் கிரெடிட்டில் கழிப்பார்கள், மோர்ட்கேஜ் வட்டிக்கும் கடனாகத்தான் தருவார்கள். சொந்த வீட்டுக்காரர் குடும்பத்துக்கு மிஞ்சுவது பல நேரம் இத்தனை பாட்டுக்குப் பெறாது.

கடை விஷயம். மாமாவைக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள், வீட்டில் அடைந்து கிடக்கிறார் என்று இரக்கப்பட்டும் வேண்டாம். ஈ.எஸ்.ஏ. விதிகளில் சம்பளம் வாங்காமல் செய்தாலும் வேலை வேலைதான். தொண்டு வேலைக்கு விலக்கு உண்டு, உறவினருக்குச் செய்வது தொண்டாகாது. தம்பியின் கடை அதில் நேராக மாட்டும்.

தம்பி மேல் வழக்கு? வேண்டாம். மாமா இன்னும் பங்காளி என்பதால் கடையின் கடனுக்கும் அவர் பொறுப்பு. 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டப்படி, விலகியது தெரியாத பழைய வியாபாரிகள் விலகிய பிறகும் அவரைத் துரத்தலாம். வழக்கு முடியும்வரை அவர் பங்காளியாகவே தொங்கிக்கொண்டிருப்பார், அதற்கு மாமாவிடம் காலம் இருக்கிறதா என்று யோசியுங்கள். கணக்காளரை வைத்து நியாயமான ஒரு தொகை போட்டு, கேட்பதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, தேதி போட்ட விலகல் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திடட்டும். சரக்குக் கொடுப்பவர்களுக்குக் கடிதம், லண்டன் கெசட்டில் (அரச வர்த்தமானியில்) அறிவித்தல். ஆனால் சும்மா விட்டுக்கொடுத்தால், யுனிவர்சல் கிரெடிட் கேட்கும்போது உறுதிக்குச் சொன்ன அதே விதி இங்கேயும் வரும், எனவே தொகைக்கு ஒரு மதிப்பீட்டுத் தாள் கையில் இருக்கட்டும். பேசப் போகும் முன் கடையின் வாட் பாக்கியை விசாரியுங்கள். பாக்கி பெரிதாக இருந்தால் தம்பியிடம் கேட்கும் தொகையைக் குறைத்து, கையெழுத்தை முதலில் வாங்குங்கள்.