தாத்தாவின் .315 ரைபிளுக்குப் புது ட்ரிகர் தேடும் முன்

கேள்வி: அஞ்செட்டி பக்கம் எங்கள் ஊர். தாத்தா வாங்கிய .315 போல்ட் ரைபிள் அப்பா கைக்கு வந்து, இப்போது உரிமத்தோடு என்னிடம் இருக்கிறது. ட்ரிகர் கல் மாதிரி இறுக்கம். ரேஞ்சில் 50 மீட்டரில் சுட்டால் குண்டு வலது பக்கம் கீழே இறங்குகிறது. டெக்சாஸில் இருக்கும் மாமா பையன் தன் வேட்டை ரைபிளுக்குப் புது ட்ரிகர் மாற்றியிருக்கிறான், வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்கிறான். ஊருக்கு வரும்போது எனக்கும் ஒன்று கொண்டுவரச் சொல்லலாமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கொண்டுவரச் சொல்லாதீர்கள். இரண்டு காரணம் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். இறக்குமதி உரிமம் இல்லாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது அந்தப் பையன்தான். இரண்டாவது காரணம் எளியது. அவன் ரைபிளின் ட்ரிகர் உங்கள் ரைபிளில் உட்காராது.

அவன் வைத்திருப்பது பெரும்பாலும் ரெமிங்டன் 700 போன்ற ஒன்றாக இருக்கும். அந்த வகையில் ட்ரிகர் என்பது ஒரு சின்ன டப்பா. அதற்குள்ளேயே நெம்பு, ஸ்பிரிங், சியர் எல்லாம் அடக்கம். சியர் என்பது சுடும் ஊசியைப் பின்னால் பிடித்து நிறுத்தும் கொக்கி. இரண்டு ஊசியாணியைத் தட்டி எடுத்தால் பழைய டப்பா கழன்றுவிடும், புது டப்பாவை மாட்டிக்கொள்ளலாம். டிம்னி, ட்ரிகர்டெக் போன்ற கம்பெனிகள் இதற்கென்றே செய்து விற்கின்றன.

உங்கள் .315 வேறு வம்சம். வங்காளத்தில் இஷாபூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தது, பழைய லீ-என்ஃபீல்டு ராணுவ ரைபிளின் அமைப்பு. இதில் ட்ரிகர் டப்பா கிடையாது. ட்ரிகர் கார்டு என்கிற கீழ் இரும்பு வளையத்தில்தான் ட்ரிகர் ஓர் ஆணியில் தொங்குகிறது. சியர் மேலே ரைபிளின் உடம்பில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மரக்கட்டை. உங்கள் பிரச்சினைக்கான விடை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ட்ரிகரின் மேல்தலையை உற்றுப் பாருங்கள். ஒட்டகத்தின் முதுகு மாதிரி இரண்டு சின்னத் திமில்கள் தெரியும். விரலை இழுக்கும்போது முதல் திமில் சியரை அழுத்தி, ஊசியின் மேல் அதற்கு இருக்கும் பிடியில் பெரும்பகுதியை விடுவிக்கிறது. அது முதல் இழுப்பு. அப்புறம் இரண்டாவது திமில் முட்டும். விரலுக்கு ஒரு சுவர் தட்டுப்படுவது போல இருக்கும். அதற்கு மேல் இழுத்தால் வெடிக்கும். ராணுவ அளவுப்படி முதல் இழுப்பு 3 முதல் 4 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 1.4 முதல் 1.8 கிலோ. இரண்டாவது 5 முதல் 6.5 பவுண்டு, 2.3 முதல் 2.9 கிலோ. வேட்டை ரைபிளுக்கு வெளிநாட்டில் பலரும் விரும்புவது 2.5 முதல் 4 பவுண்டு. ஆக, உங்கள் ரைபிள் பிறவியிலேயே கொஞ்சம் கனமானதுதான். ஆனால் கல் மாதிரி இருக்கக் கூடாது.

கட்டை ஐம்பது அறுபது வருஷம் காய்ந்து சுருங்கினால், அல்லது கார்டை ரைபிளோடு இறுக்கும் முன் திருகை யாராவது வெறியோடு முறுக்கி மரத்தை நசுக்கியிருந்தால், கார்டு மேலே ஏறிவிடும். கார்டோடு ட்ரிகரும் ஏறும். திமில்கள் சியரைத் தொடும் இடம் மாறிவிடும். அப்போது முதல் இழுப்பு காணாமல் போய், எடுத்த எடுப்பிலேயே முழுப் பாரமும் விரலில் விழும். அந்தத் திருகுக்கு உள்ளே மரம் நசுங்காமல் தாங்குவதற்கு ஒரு சின்ன இரும்புக் குழல் உண்டு. எத்தனையோ பழைய ரைபிள்களில் அது தொலைந்தே போயிருக்கும். குழலைத் திரும்பப் போட்டு, மரம் நசுங்கிய இடத்தைச் சரிசெய்தாலே ட்ரிகர் பழையபடி வந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று எண்ணெய். நம் பக்கத்து வீடுகளில் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கும் வழக்கம் இருந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி இரவில் சமையலறை பாட்டிலில் எப்படி வெள்ளையாக நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். சியருக்குள்ளும் அதே கதைதான். வருஷக்கணக்கில் சேர்ந்தால் அது ராகிப் புழுதியோடு கலந்து பிசினாகிவிடும். அதைச் சுத்தமாகக் கழுவி எடுத்து, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். நிறைய விட்டால் மறுபடி புழுதி ஒட்டும்.

முதலில் அளந்து பாருங்கள். மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் இரும்புத் தண்டை, திறந்து தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். டம்மி தோட்டா இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். குழாய் முனை பத்திரமான பக்கம் இருக்கட்டும். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை ட்ரிகரின் நடுவில் மாட்டி, நேராகப் பின்னால் மெதுவாக இழுங்கள். முட்டும் இடத்தில் ஒரு அளவு, விடுபடும் இடத்தில் ஒரு அளவு. ஐந்து தடவை எடுத்துக் குறித்துவையுங்கள். 3 கிலோவைத் தாண்டினால் அல்லது ஒவ்வொரு தடவையும் அளவு தாறுமாறாக வந்தால், கோளாறு இருக்கிறது. எல்லாம் சரியான அளவில் இருந்தால், குண்டு வலது கீழே போவது பெரும்பாலும் விரல் செய்யும் வேலை. வலது கைக்காரர் விரலை நேராகப் பின்னால் கொண்டுவராமல் வெட்டி இழுத்தால் அப்படித்தான் போகும். அதற்குப் புது ட்ரிகர் மருந்தில்லை. வீட்டில் காலி ரைபிளில் தினம் பத்து நிமிடம் பழகினால் சரியாகிவிடும்.

தயவுசெய்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். பாலக்கோடு பக்கம் ஒருவர் சியரை வைரக் கல்லில் தேய்க்கச் சொல்லி, அருமையாக லேசாக்கி வாங்கிவந்தார். என்னிடம் காட்டினார். போல்ட்டைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளி மூடினேன், விரல் ட்ரிகர் பக்கமே போகவில்லை, ‘டக்’ என்று ஊசி விழுந்தது. அறை காலியாக இருந்ததால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சியரின் மேல்தோல்தான் கடினமாக்கப்பட்டது. தேய்த்தால் உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு, சீக்கிரம் மழுங்கிவிடும். பெரிய கம்பெனிகளே இந்த இடத்தில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 2014-ல் ரெமிங்டன், தன் எக்ஸ்-மார்க் புரோ ட்ரிகர் வைத்த 700 ரைபிள்களைத் திரும்ப அழைத்தது. பொருத்தும்போது கூடுதலாக விழுந்த பசையால், யாரும் இழுக்காமலே வெடிக்க வாய்ப்பு இருந்தது.

பழுது பார்ப்பதற்கும் உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். உங்கள் உரிமத்தைக் காட்டிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். திமில் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் இதே வகை ரைபிளின் அசல் ட்ரிகரும் சியரும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. எத்தனை கிலோவுக்கு வைக்கட்டும் என்று கேட்டால், கடைசி இழுப்பு இரண்டே கால் கிலோவுக்குக் கீழே வேண்டாம் என்று சொல்லுங்கள். இருட்டில், குளிரில் விறைத்த விரலோடு, பக்கத்தில் ஆள் நிற்கும் இடத்தில் தூக்கும் துப்பாக்கிக்கு அதுவே சரி.

ரைபிளைத் திரும்ப வாங்கும்போது உங்கள் கண் முன்னால் சோதிக்கச் சொல்லுங்கள். காலி ரைபிளில் போல்ட்டைப் பத்துத் தடவை பலமாக மூட வேண்டும். தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை இழுத்து, பிறகு சேஃப்டியை எடுக்க வேண்டும். கட்டையின் அடியை ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். எதிலும் ஊசி விழக் கூடாது. ஒரு தடவை விழுந்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் கடிதத்தில் பன்றித் தொல்லை பற்றிப் பேச்சில்லை, இருந்தாலும் அஞ்செட்டி என்றதால் சொல்கிறேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, ராகிக் கொல்லையை உழுதுவிட்டுப் போனாலும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பன்றியைச் சுட முடியாது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமத்தில் எழுதியிருப்பது அந்த அனுமதி ஆகாது.

தராசில் வந்த ஐந்து அளவுகளையும், முன் திருகுக்குள் குழல் இருக்கிறதா என்பதையும் எழுதி அனுப்புங்கள். கட்டையா, சியரா என்று அதை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.