வயிறு நிறைந்தும் ஊட்டச்சத்துக் குறைவது ஏன்?
வயிறு நிறையச் சாப்பிடும் கர்ப்பிணிக்கும் ஊட்டச்சத்துக் குறைபாடு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. அதாவது, 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்கும் குறைவு. தட்டு நிறையச் சோறும் ஓரமாகச் சிறிது குழம்பும் பசியை அடக்குமே தவிர, இரும்புச்சத்தும் புரதமும் போதுமான அளவு தருவதில்லை. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. இளவயதுத் திருமணம், இடைவெளியற்ற பிரசவங்கள், குடற்புழுக்கள் ஆகியவையும் காரணங்களே. ஆனால், எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைப் பெண் உண்ணும் வழக்கத்தையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். முட்டையும் மீனும் அவள் முறை வருமுன் தீர்ந்துவிடுகின்றன. அரசு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையை, மலம் கருப்பதைக் கண்டு அஞ்சிப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது இயல்பே, நிறுத்த வேண்டாம்.